அரிதாரம் பூசாமல் ஒரு நாடகம்

வள்ளியம்மையைப் பற்றி அரை மணி நேர நாடகம், அவ்வளவுதான் எங்கள் திட்டம். எங்கள் ஊர் தில்லையாடிக்குப் பக்கம். பள்ளிக்கூடத்திலிருந்தே நினைவு மண்டபத்துக்கு வரிசையாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண், அங்கே நடந்த சத்தியாகிரகத்தில் சிறை போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தாள். இது எல்லோருக்கும் மனப்பாடம். அந்தக் குடும்பங்கள் ஏன் அங்கே போயின, போன இடத்தில் யாரோடு வாழ்ந்தன என்று கேட்டால்தான் பதில் வராது.

அதைத் தேடிப் படிக்கப் போனதில் நாடகம் பெரிதாகிவிட்டது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலில் 342 பேர். 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு. "மாடு பிடிக்கிறவன் சுழி பார்க்கிற மாதிரி இருக்கே" என்றார் குழுவில் மூத்தவர். முதல் காட்சி அங்கேயே கிடைத்தது. ஒருவர் பட்டியலை வாசிப்பார், மற்றவர்கள் தழும்பைக் காட்டிவிட்டு நகர்வார்கள். வேறு வசனம் கிடையாது.

ஒத்திகை மூன்று வாரம் ஓடியபின் ஒப்பனைக்காரரை வரச்சொன்னோம். திருவிழா நாடகங்களுக்கு முப்பது வருடமாக அரிதாரம் பூசுகிறவர், எங்கள் மேல் பிரியம் உள்ளவர். கதையில் அந்த மண்ணின் கறுப்பினத்தவரான ஜூலு ஆள் ஒருவர் வருகிறார் என்று சொல்லியிருந்ததால் கரியை எண்ணெயில் குழைத்து ஒரு டப்பாவில் கொண்டு வந்திருந்தார். அந்த வேடம் போட்ட தம்பியை உட்காரவைத்து நெற்றியிலிருந்து பூச ஆரம்பித்தார். பாதி முகம் முடிந்ததும் தம்பி கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். வள்ளியம்மையாக நடிக்கும் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் ரோஸ் பவுடர் டப்பா திறந்திருந்தது. நல்ல கறுப்பு நிறம் அவளுக்கு. "அண்ணா, அவனுக்குப் பூசுறது என் நிறம். அப்போ எனக்கு ஏன் இந்தப் பவுடரு?" என்றாள்.

யாருக்கும் பதில் வரவில்லை. அன்றைக்கு ஒத்திகையை அதோடு நிறுத்திவிட்டோம். மனிதர்களை நிறம் பார்த்துப் பிரித்த ஒரு தேசத்தைப் பற்றி நாடகம் போட வந்து, அதே வேலையை இரண்டு டப்பாக்களை வைத்துக்கொண்டு நாங்களும் செய்துகொண்டிருந்தோம். மறுநாள் ஒப்பனைக்காரரின் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். அவருக்கு வருத்தம்தான். கடைசியில், "சரி, வேர்வையும் புழுதியும் மட்டும் நான் பண்ணித் தர்றேன்" என்றார். அதை அவரைப் போல யாராலும் செய்ய முடியாது.

இதே கேள்வி துரை வேடத்துக்கும் வந்தது. நம் மேடையில் வெள்ளைக்காரன் என்றால் முகமெல்லாம் பவுடர், செம்பட்டை முடி, "நீ என்ன சொல்றான்" என்கிற கொச்சைத் தமிழ். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்துவிட்டால் சாட்டையின் பயம் போய்விடும். அதனால் எங்கள் துரை சுத்தமான தமிழ் பேசினார். மெதுவாக, குரலை உயர்த்தாமல். ஒரு தொப்பி மட்டும் அடையாளம். அந்தத் தொப்பி ஒரே ஆளிடம் இருக்காது, காட்சிக்குக் காட்சி கைமாறும். ஒரு காட்சியில் அது சர்தாராக, அதாவது கங்காணியாக வரும் தமிழனின் தலைக்கும் போகும். கரும்புத் தோட்டங்களில் சாட்டை பிடித்த சர்தார்கள் பலர் நம் ஆட்கள்தான். அதை மறைக்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

எழுதுவதில் எனக்கு அதிகம் கஷ்டம் கொடுத்தது 'கூலி' என்ற சொல். நமக்கு அது உழைப்புக்கு வாங்குகிற காசு. நேட்டாலில் அதுவே வசை. வக்கீலாகப் போன காந்தியும் அங்கே 'கூலி பாரிஸ்டர்'தான். முனுசாமி, ராமசாமி என்ற பெயர்களின் வாலைப் பிடித்து எல்லாத் தமிழரையும் 'சாமி' என்று கூப்பிட்டார்கள். இரண்டும் நம் சொற்கள் என்பதால் மேடையில் துரை எத்தனை முறை சொன்னாலும் நம் காதில் உறைக்காது. பல தடவை எழுதி அடித்தபின் ஒரு இடம் வாய்த்தது. மாதம் 5 ஷில்லிங் பேசி அழைத்துவரப்பட்ட பெண், காய்ச்சலில் படுத்த நாட்களுக்குப் பிடித்துக்கொண்ட காசைக் கேட்கிறாள்: "என் கூலியக் குடுங்க துரை." அவர் நிமிராமலே சொல்கிறார்: "கூலிக்கு ஏது கூலி?" அங்கேதான் அந்தச் சொல் இரண்டாகப் பிளந்து கேட்டது.

ஒப்பந்தம் முடிந்தபின்னும் அங்கேயே தங்கினால் வருடத்துக்கு 3 பவுண்டு வரி. 60 ஷில்லிங், அதாவது ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங் என்ற முதல் வருடக் கணக்கில் அரை வருடச் சம்பளம். இதைச் சொல்ல வசனமே எழுதவில்லை. ஒரு குடும்பம் தரையில் காசை எண்ணி எண்ணி அடுக்கும், தொப்பி வந்து அள்ளிக்கொண்டு போகும்.

ஜூலு ஆளின் காட்சிக்கு வருகிறேன். என் முதல் பிரதியில் அவருக்கு ஒரு வார்த்தைகூட இல்லை, ஈட்டியோடு ஒரு ஆட்டம் மட்டும். அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன். 1906இல் நேட்டால் அரசு போட்ட தலைவரியை எதிர்த்து பம்பாத்தா தலைமையில் ஜூலுக்கள் எழுந்தார்கள். ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். காந்தி அரசுப் பக்கம் நின்று காயம்பட்டவர்களை டோலியில் தூக்கும் படை ஒன்றைக் கொண்டுபோனார். 24 பேர், பெரும்பாலோர் ஒப்பந்தம் முடித்த தென்னிந்தியர்கள். சவுக்கடியில் முதுகு கிழிந்து கிடந்த ஜூலுக்களுக்கு மருந்து போட வெள்ளையர்கள் முன்வராதபோது அதைச் செய்தது இவர்கள்தான். ஆனால் அந்தக் காலத்தில் கறுப்பின மக்களை 'காப்பிரி' என்று தாழ்த்திப் பேசும் வழக்கம் நம்மவர்களிடமும் இருந்தது, காந்தியின் அப்போதைய எழுத்திலும் இருக்கிறது. இன்று தென்னாப்பிரிக்காவில் பெரும் வசையாகக் கருதப்படும் சொல் அது. எடுத்துவிடலாம் என்று குழுவில் பாதிப் பேர் சொன்னார்கள். இரண்டு நாள் சண்டை. நான் வைத்தே தீரவேண்டும் என்று நின்றேன். நம்மைக் 'கூலி' என்றது மட்டும் வலிக்க வேண்டும், நாம் சொன்னது மறைய வேண்டும் என்றால் அது என்ன நியாயம்? ஒரே ஒரு தடவை, டோலி தூக்குகிறவன் வாயில் அந்தச் சொல் வரும். அடிபட்டவர் அவனைப் பார்த்து, "அமான்சி" என்பார். ஜூலு மொழியில் தண்ணீர். அவனுக்குப் புரியாது. அர்த்தம் சொல்லும் வரி எதையும் எழுதவில்லை.

பொங்கல் முடிந்த வாரம், பள்ளி மைதானத்தில் மேடை. விற்காமல் நின்ற கரும்பை ஒரு விவசாயி சும்மாவே கொடுத்தார். தோகையோடு கட்டி நிறுத்தியதில் எல்லோர் கையிலும் கீறல். ஒரு மைக் பாதியில் செத்துப்போய்விட, வெறும் குரலில் பேசினோம்.

"கூலிக்கு ஏது கூலி" என்ற இடத்தில் முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த நடவு வேலைப் பெண்கள் சிரிக்கவில்லை. பண்ணையார்களின் சாட்டையடியும் சாணிப்பால் தண்டனையும் கேட்டு வளர்ந்த ஊர் இது.

டோலிக் காட்சி வந்தது. தம்பி தன் சொந்த முகத்தோடு, முதுகில் ஒப்பனைக்காரர் வரைந்த காயத்தோடு குப்புறக் கிடந்தான். "அமான்சி" என்றான். தூக்குகிறவன் விழித்தான். இன்னொரு தடவை, "அமான்சி". மைதானம் அமைதியாக இருந்தது. இருட்டிலிருந்து ஒரு கிழவியின் குரல் வந்தது:

"தண்ணி கேக்குறான்டா. குடுங்கடா."

மேடையில் தண்ணீர் வைத்திருக்கவில்லை. வள்ளியம்மையாக நடித்த பெண் ஓரத்திலிருந்து தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினாள்.