240 ட்ராலி

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் சாயப்பட்டறையில் ஒரு லாட் துணி மாறிப்போச்சு. நேவியும் கறுப்பும் ஈரத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். பேட்ச் கார்டு ஊறி, பேனா எழுத்து ஓடிப்போயிருந்தது. முதலாளி சத்தம் போடவில்லை. "ட்ராலிக்கெல்லாம் ரேடியோ டேக் மாட்டற அந்த விஷயத்தை 15ஆம் தேதிக்குள்ள முடிச்சிருங்க" என்றார், அவ்வளவுதான். சத்தம் போட்டிருக்கலாம்.

மார்ச் 4

அப்பாவுக்கு பேஸ்மேக்கர் செக்கப். பேட்டரி இன்னும் மூன்று மாதம் தாங்குமாம். ஒன்பது வருஷம் ஓடியிருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

டெமோவுக்கு வந்த பையன் ஆக்டிவ் டேக் காட்டினான். தீப்பெட்டி அளவு. உள்ளே பேட்டரி. யாரும் கேட்காமலே சில நொடிக்கு ஒருமுறை தன் நம்பரைச் சொல்லிக்கொண்டே இருக்கும். எந்த ட்ராலி எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஆபீஸில் இருந்தே பார்க்கலாம். முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. பொய் சொல்வானேன், என் முகமும்தான்.

பேட்டரி எத்தனை நாள் வரும் என்றேன். "மூணு, நாலு வருஷம் சார்." எந்தச் சூட்டில்? பையன் லேப்டாப்பைப் பார்த்தான். துணியைக் காயவைக்கும் ஸ்டென்டர் மிஷினுக்குள் 150, 160 டிகிரி. ட்ராலி உள்ளே போகாதுதான், ஆனால் அந்த அனலில் மணிக்கணக்காக நிற்கிறதே. 240 ட்ராலி, 240 பேட்டரி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளில் சாகும். செத்தது எது என்று தேடி அலையப்போவது யார்?

மார்ச் 7

240.

மார்ச் 9, திங்கள்

பாஸிவ் டேக் சோதனை. இதில் பேட்டரியே கிடையாது. டேக்கைப் படிக்கும் ரீடர் கருவி வீசும் ரேடியோ அலையிலிருந்தே தனக்கு வேண்டிய கரண்டை எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். ஃபாஸ்டேக்கும் இதே சாதிதான், அதே 865–867 மெகாஹெர்ட்ஸ். அதைக் கார் கண்ணாடியில்தானே ஒட்டுகிறோம், தகரத்திலா ஒட்டுகிறோம்? இது காலையிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சாதா ஸ்டிக்கர் டேக்கை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ட்ராலியில் ஒட்டினால் ஐந்தடியில்கூட மூச்சு இல்லை.

அப்புறம் மெட்டலுக்கென்றே வரும் தடித்த டேக்கை எடுத்து ஒட்டினேன். நாலு மீட்டரில் படித்தது. அப்பாடா என்று நிமிர்ந்தால் ஈரத்துணி ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். துணியின் ஓரம் டேக் மேல் சரிந்ததும் போச்சு. தண்ணீர் அந்த அலையைக் குடித்துவிடுகிறது. சாயப்பட்டறையில் தண்ணீர் இல்லாத இடத்துக்கு நான் எங்கே போக?

மார்ச் 10

"எனக்கு எம்பத்திரண்டு ஆச்சு, இதை மாத்தி என்னடா பண்ணப்போற?" அப்பா பனியனை விலக்கி, தோலுக்கடியில் மேடாகத் தெரியும் அந்தப் பெட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார். ஒயர் பழையதே இருக்கும், பெட்டியை மட்டும் மாற்றுவோம் என்று டாக்டர் சொன்னபோது, எனக்கு ட்ராலி ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

மார்ச் 12

வெல்டர் அண்ணன் டீ குடித்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, கைப்பிடிக்கு மேல ஒரடிக்குப் பட்டை பத்த வெச்சு, அதோட உச்சியில ஒட்டுனா துணி எப்படிங்க படும்?"

இருபது தடவை தள்ளிப் பார்த்தோம். இருபதும் படித்தது. பக்கத்தில் சும்மா நின்ற ட்ராலியையும் சேர்த்துப் படித்தது! ரீடர் பவரைக் குறைத்து, ஆன்டெனாவைக் கீழே சாய்த்ததும் அது அடங்கியது.

ட்ராலி எங்கே சுற்றினால் எனக்கென்ன? மிஷின் வாசலுக்கு வரும்போது எந்த லாட் என்று தெரிந்தால் போதும். தப்பான லாட் என்றால் ஸ்டென்டர் ஸ்டார்ட் ஆகக் கூடாது. அதற்குப் பேட்டரி எதற்கு?

மார்ச் 13

முதலாளி இன்னும் மேப் கேட்கிறார். டிவியில் புள்ளி புள்ளியாக நகர வேண்டுமாம்.

மார்ச் 14, சனி

தூக்கம் இல்லை. ஆக்டிவ் டேக் செத்தால் ஒரு ட்ராலி போகும். ரீடர் செத்தால் அந்த வாசலே போகும். ஒரு ரீடர் ஸ்பேர் வாங்கச் சொல்ல வேண்டும். சொன்னால் முறைப்பார். முறைக்கட்டும்.

மார்ச் 16, திங்கள்

பாஸிவ்தான். கையெழுத்தாகிவிட்டது. ஸ்பேர் ரீடர் இல்லை.

அப்பாவுக்கு 19ஆம் தேதி. வெல்டர் அண்ணன் 31 பட்டை முடித்திருக்கிறார். 32 கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, நாளைக்குப் பார்க்கணும்.