கருங்கல்லுக்கும் முள்ளுக்கும் எந்த ஸ்லீப்பிங் மேட்?

முதுகில் பை மாட்டி மலையேறுபவர்கள், ராத்திரி அடியில் விரித்துப் படுக்கும் மேட் வாங்கப் போனால் முதலில் கேட்பது எடையைத்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டிப் பக்கம் அது இரண்டாவது கேள்வி. இங்கே படுக்கக் கிடைக்கும் தரை ஒன்று கருங்கல் பாறை, இல்லாவிட்டால் முள் உதிர்ந்து கிடக்கும் செம்மண். எடை பார்த்துப் பார்த்து வாங்கிய, காற்று நிரப்பும் ஏர் மேட்டை ஒரே ஒரு இலந்தை முள் காலி பண்ணிவிடும். அதனால் முதல் மேட் ஃபோமாக இருக்கட்டும் என்பது என் கட்சி.

மேட்டின் வேலை மெத்தென்று இருப்பது மட்டுமல்ல. ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் நம் எடையில் நசுங்கிப்போகும். அதில் காற்று நிற்காது, சூடும் நிற்காது. உடம்புச் சூடு தரைக்குள் இறங்காமல் தடுப்பது மேட்தான். எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் எண் ஆர்-வேல்யூ. 2018-ல் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொது அளவுமுறை வந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அளந்தது. ‘மைனஸ் பத்து வரை தாங்கும்’ என்று மட்டும் போட்டு, ஆர்-வேல்யூ போடாத மேட்டை நம்ப வேண்டாம்.

நம் மலைகளுக்கு ஆர்-வேல்யூ 2 இருந்தால் போதும். மார்கழி, தை மாதத்தில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் விடியற்காலைக் குளிருக்கும் அது தாங்கும். இமயமலைப் பனியில் படுப்பதென்றால் நாலரைக்கு மேல் வேண்டும். இரண்டு மேட்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் இரண்டின் ஆர்-வேல்யூவையும் கூட்டிக்கொள்ளலாம். ஆகவே இன்று வாங்கும் ஃபோம் நாளைக்கும் வீண் போகாது.

காகிதத்தில் பார்த்தால் ஏர் மேட்தான் ஜெயிக்கும். தெர்மரெஸ்ட் இசட் லைட் சோல் ஃபோம் 410 கிராம், 2 செ.மீ. கனம், ஆர்-வேல்யூ 2. அதே கம்பெனியின் நியோஏர் எக்ஸ்லைட் என்எக்ஸ்டி 370 கிராம், 7.6 செ.மீ., ஆர்-வேல்யூ 4.5. ஆனால் விலை பல மடங்கு. ஃபோமைக் கத்தியால் வெட்டலாம், ஏர் மேட்டை முடியாது. 183 செ.மீ. நீளத்தை 120 ஆக வெட்டினால் எடையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், அதாவது 270 கிராம் சுமாருக்கு வந்துவிடும். தோளிலிருந்து முட்டிவரை மேட், காலுக்கு அடியில் காலிப் பை. நன்றாகத் தூங்கலாம்.

பேக்கிங் கடையில் கிடைக்கும் வெள்ளை ஃபோம் ஷீட்டை வாங்கிப் படுப்பவர்களும் உண்டு. இரண்டு இரவில் இடுப்பு அழுந்தும் இடம் அப்பளமாகிவிடும். வாங்கும்முன் கட்டைவிரலால் பத்து நொடி அழுத்திப் பாருங்கள். குழி சட்டென்று மேலே வந்தால் நல்ல ஃபோம். பிவிசி யோகா மேட்டைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். எடை அதிகம், குளிரைத் தடுப்பது குறைவு.

ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குப் பாறைமேல் ஃபோம் இடுப்பை வலிக்க வைக்கும், மறைக்கவில்லை. அவர்கள் ஏர் மேட் எடுக்கலாம், ஆனால் வேலை கூடும். இடத்தைச் செருப்பாலோ குச்சியாலோ தள்ளிச் சுத்தம் செய்யுங்கள். கையால் தடவ வேண்டாம், தேள் இருக்கும். அடியில் சில்பாலின் துண்டு ஒன்று, மேட்டைவிட நாலு பக்கமும் ஐந்து செ.மீ. பெரிதாக. வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கும், காற்றைப் பிடித்து மேட்டுக்குள் தள்ளும் பம்ப் பை வைத்து நிரப்புங்கள். டம் என்று நிரப்பாதீர்கள். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு வால்வை லேசாகத் திறந்து, இடுப்பு தரையைத் தொடுவதற்கு ஒரு விரல் இடம் இருக்கும்போது மூடிவிடுங்கள்.

நடுராத்திரி மேட் தொய்ந்தால் உடனே ஓட்டை என்று பதற வேண்டாம். மாலையில் 30 டிகிரியில் நிரப்பிய காற்று 15 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஐந்து சதவீதம் சுருங்கும். படுக்கும்முன் இன்னொரு முறை காற்று நிரப்பிக்கொண்டால் சரி. இதன் மறுபக்கம்தான் ஆபத்து: சித்திரை வெயிலில், நிரப்பிய மேட்டைப் பாறைமேல் விட்டுவிட்டுப் போனால் காற்று விரிந்து உள்ளே ஒட்டியிருக்கும் தடுப்புகள் பிய்ந்துவிடும். நடுவில் பலூன் மாதிரி ஒரு வீக்கம் வரும். அதற்கு வைத்தியமே கிடையாது.

உண்மையான ஓட்டை என்றால் நன்றாக ஊதி, சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வரும் இடத்தில் பேனாவால் வட்டம் போடுங்கள். காற்றை இறக்கி, காயவைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, மேட்டோடு வந்த பேட்சை ஒட்டுங்கள். சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் இந்த நைலானில் சரியாகப் பிடிக்காது. யூரித்தேன் பசை வேண்டும், அது காய ஒரு ராத்திரியாவது ஆகும்.

அகலத்தையும் பாருங்கள். வழக்கமான 51 செ.மீ. மேட்டில் மல்லாந்து படுத்தால் அகலத் தோள்காரர்களின் கை தரையில் விழும், அவர்களுக்கு 64 செ.மீ. கடையிலேயே விரித்துப் படுத்துப் பார்த்துவிடுங்கள். ஏர் மேட் என்றால் வீட்டில் ஒரு ராத்திரி நிரப்பி வைத்து, காலையில் அழுத்திப் பார்த்த பிறகே பில்லைத் தூக்கிப்போடுங்கள்.