போர்த்துகீசிய ‘தெஞ்ஞு’வுக்குத் தமிழே போதும்

லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ‘காப்லே’ மையம் நடத்தும் பி1 (இடைநிலை) போர்த்துகீசிய மொழித் தேர்வுக்குப் படித்தபோது, எனக்கு அதிகம் கைகொடுத்தது தமிழ்தான். குறிப்பாக, ‘தெஞ்ஞு’ போட்டு வரும் கூட்டுக் காலத்தில்.

பார்வைக்கு இது ஆங்கிலத்தின் ‘ஐ ஹேவ் ஈட்டன்’ மாதிரியே இருக்கும். ‘வைத்திருத்தல்’ எனப் பொருள்படும் ‘தேர்’ வினையின் நிகழ்கால வடிவமான ‘தெஞ்ஞு’, பக்கத்தில் ஒரு வினையெச்சம் போன்ற சொல். ஆனால் ‘சாப்பிட்டாச்சு’ என்று சொல்ல ‘தெஞ்ஞு குமீது’ உதவாது. அதற்குச் சாதாரண இறந்தகாலமான ‘ஜா குமீ’யே போதும். ஸ்பானிஷ் படித்துவிட்டு வருபவர்களும் இங்கேதான் தடுமாறுவார்கள்.

அப்படியானால் ‘தெஞ்ஞு’ எதற்கு? நம் ‘செய்து வருகிறேன்’ இருக்கிறதே, ஏறக்குறைய அதற்கு. சமீபத்தில் தொடங்கி, திரும்பத் திரும்ப நடந்து, இன்னும் முடியாமல் இருப்பது. டாக்டரிடம் ‘தீவ் உம தோர் த கபேச’ என்றால் ஒருமுறை தலை வலித்தது, விஷயம் முடிந்தது. ‘தெஞ்ஞு தீது தோரெஷ் த கபேச’ என்றால் கொஞ்ச நாளாகவே அடிக்கடி வலிக்கிறது. ‘எத்தனை நாளாக?’ என்று அவர் கேட்பார். ‘நேற்று’ எனப் பொருள்படும் ‘ஓந்தைங்’ அந்த வாக்கியத்தில் ஒட்டவே ஒட்டாது. ‘உல்தீமமெந்த்’, அதாவது ‘இப்போதெல்லாம்’, கச்சிதமாக உட்காரும்.

‘ஐந்து வருடமாக இங்கே வசிக்கிறேன்’ என்பதில் தமிழ் நிகழ்காலத்தையே வைக்கிறது. போர்த்துகீசியமும் அப்படித்தான்: ‘மோரு அக்கீ ஆ சிங்க்கு ஆனுஷ்’. ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போனால்தான் இங்கே ‘தெஞ்ஞு’ நுழைந்து குழப்பும்.

ஒரு விதிவிலக்கு: மேடைப் பேச்சை முடிக்கும்போது ‘தெஞ்ஞு தீத்து’, அதாவது ‘சொல்லி முடித்தேன்’, என்பார்கள். நம் ஊர் ‘அமர்கிறேன்’ போல. மரபாக நின்றுவிட்டது, ஆராய வேண்டாம்.

வாய்மொழித் தேர்வுக்கு என் யோசனை இது. ‘இப்போதெல்லாம் என்ன செய்து வருகிறீர்கள்?’ என்ற கேள்விக்குப் பதிலாக உங்கள் வேலை, படிப்பு, சமையல் பற்றி நாலு வாக்கியம் உரக்கச் சொல்லிப் பழகுங்கள். ஃபைத்து (செய்), வீஷ்து (பார்), ஷ்க்ரீத்து (எழுது) போன்ற ஒழுங்கற்ற வடிவங்களை அந்த வாக்கியங்களுக்குள்ளேயே வைத்து மனப்பாடம் செய்யுங்கள். ‘தேர்’ உடன் வரும்போது இவை பால், எண் பார்த்து மாறுவதில்லை. அந்த மட்டில் நிம்மதி.