எருமைக்கன்று, உண்ணிக்கொக்கு, அணில்: கையால் வரையும் 2 நிமிடம் 40 விநாடி

நாங்கள் கையால் வரைந்து எடுக்கும் அனிமேஷன் குறும்படத்தின் நீளம் 160 விநாடி. விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் மொத்தம் 3,840 ஃப்ரேம். ஒவ்வொரு டிராயிங்கையும் இரண்டு ஃப்ரேமுக்கு வைத்தால் 1,920 டிராயிங் வேண்டும். ஆனால் இது ஓடியாடும் கதை இல்லை. ஏரிக்கரையில் மூன்று பிராணிகள் ஒரு பகல் பொழுதைச் சேர்ந்து கழிக்கின்றன, மழை வருகிறது, அவ்வளவுதான். நிற்கும் இடம், பார்க்கும் இடம், காத்திருக்கும் இடம் நிறைய. எந்த டிராயிங் எத்தனை ஃப்ரேம் நிற்கும் என்று குறிக்கும் எக்ஸ்போஷர் ஷீட் எழுதி முடித்தபோது எண்ணிக்கை 1,140க்கு இறங்கியது. கரட்டு வரைவும் அதன்மேல் தெளிவாக வரையும் க்ளீன்-அப்பும் சேர்த்து ஏறக்குறைய 2,300 தாள், அதாவது 500 தாள் கட்டு ஐந்து. வேலை நடப்பது பெங்களூர் அல்சூரில், ஒரு வீட்டின் முன்னறையில்.

ஜூன்: துளையும் முளையும்

கையால் வரையும் அனிமேஷனில் முதல் எதிரி தாளின் ஆட்டம். ஒவ்வொரு தாளும் துளையில் முளை மாட்டி ஒரே இடத்தில் உட்கார வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண இரட்டைத் துளை பஞ்ச் 6 மி.மீ. துளைகளை 80 மி.மீ. இடைவெளியில் போடும். ஏ4 தாளின் நீளப் பக்கம் 297 மி.மீ. அதன் நடுவில் 80 மி.மீ. மட்டும் பிடித்துக்கொண்டால், துளையில் கால் மி.மீ. ஆட்டம் இருந்தாலே மேல் மூலை ஒரு மி.மீ.-க்கு மேல் நகர்ந்துவிடும். திரையில் கன்று நிற்காமல் நடுங்கும். பென்சில் கோடுகளை மட்டும் ஓடவிட்டுப் பார்க்கும் முதல் லைன் டெஸ்டில் அதுதான் நடந்தது.

தீர்வு நான்கு துளை பஞ்ச். துளைகள் 80-80-80 என்று விழும். ஓரத்துத் துளைகள் இரண்டுக்கும் இடையே 240 மி.மீ. வருவதால் அதே கால் மி.மீ. ஆட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. தாளை மாட்டும் பெக் பாருக்கு 3 மி.மீ. அலுமினியப் பட்டை, அதில் 6 மி.மீ. எஃகு முளைகள், தாளுக்கு மேல் 4 மி.மீ. உயரம். முளையின் தலையை எமரித் தாளால் சற்றே உருட்ட வேண்டும். கூர்விளிம்போடு விட்டால் இருபது முறை மாட்டிக் கழற்றுவதற்குள் துளை கிழிந்து பெரிதாகிவிடும். ஒரு முக்கியக் காட்சிக்கு இரண்டு பேர் இரண்டு பஞ்ச் வைத்துத் துளை போடக் கூடாது. ஒரே மாடல் என்றாலும் இரண்டும் ஒன்று போல இருப்பதில்லை.

தாளுக்கடியிலிருந்து வெளிச்சம் தரும் லைட் பாக்ஸுக்கு எஸ்.பி. ரோட்டில் 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்டிரிப்பும் அடாப்டரும் வாங்கினால் போதும். மேலே 3 மி.மீ. பால்வெள்ளை அக்ரிலிக். ஸ்டிரிப் வரிசைகளுக்கு நடுவே 30 மி.மீ., ஸ்டிரிப்புக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவே 40 மி.மீ. இந்த உயரத்தைக் குறைத்தால் தாளுக்கடியில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்து கண்ணைக் குத்தும். 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 70 கிராம்) காப்பியர் தாளில் நான்கு அடுக்கு தெளிவாகத் தெரிகிறது. 100 ஜி.எஸ்.எம். தாள் தொட இதமாக இருந்தாலும் மூன்றாவது அடுக்கிலேயே மங்கிவிடுகிறது.

ஜூலை: மழைக்காலத் தாள்

பெங்களூர் மழை சென்னை மழை மாதிரி அடித்துவிட்டு ஓய்வதில்லை. நாள் முழுக்கச் சிணுங்கும். காற்றின் ஈரத்தைத் தாள் குடித்து விரிகிறது. எல்லாப் பக்கமும் ஒரே அளவு விரிவதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. தாளின் நார் ஓடும் திசையில் விரிவு மிகக் குறைவு, குறுக்கே அதிகம். பெரும்பாலான ஏ4 காப்பியர் தாளில் நார் நீளவாட்டில் ஓடும். அதனால் துளையை நீளப் பக்கத்தில் போடுவது இரட்டை லாபம்: 240 மி.மீ. அப்படியே நிற்கிறது, விரிவு உயரத்தில் மட்டும் வருகிறது. நார் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் தாளைக் கிழித்துப் பாருங்கள். நாரோடு போனால் நேராகக் கிழியும், குறுக்கே போனால் கோணிக்கொள்ளும்.

பிரித்த தாள்கட்டையும் வரைந்த தாளையும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைத்தோம். ஒரு ஷாட்டை முடிந்தவரை ஒரே வாரத்தில் முடிப்பது நல்லது. காய்ந்த நாளில் வரைந்த கீ டிராயிங்கும் (அசைவின் முக்கிய நிலை) ஈர நாளில் வரைந்த இன்பிட்வீனும் (இடைநிலை) ஒன்றின் மேல் ஒன்று உட்காரவே உட்காராது.

கரட்டு வரைவுக்கு வெளிர்நீலக் கலர் பென்சில், மேலே எச்.பி. பென்சில். ஸ்கேன் செய்த படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வண்ணச் சேனல்களில் நீலச் சேனலை மட்டும் எடுத்தால் நீலக்கோடு வெளுத்து மறைந்து கறுப்புக் கோடு நிற்கும். பலர் சிவப்புச் சேனலை எடுத்துவிட்டு, நீலம் இன்னும் கறுப்பாகத் தெரிகிறதே என்று திகைப்பார்கள். நீலப் பென்சிலை அழுத்தி வரைந்தால் மெழுகு படிந்து அதன்மேல் கிராஃபைட் வழுக்கிக் கோடு விட்டுவிட்டு விழும்.

ஆகஸ்ட்: கன்றின் நடை

நான்கு கால் பிராணி வரைகிறவர்கள் எல்லோரும் இடறுகிற இடம் இது. எருமை நடக்கும்போது கால் விழும் வரிசை: இடப் பின்கால், இட முன்கால், வலப் பின்கால், வல முன்கால். ஒரு சுற்று 24 ஃப்ரேம், 12 டிராயிங் என்று வைத்தோம். 1ஆம் டிராயிங்கில் இடப் பின்கால் தரையைத் தொடுகிறது, 4இல் இட முன்கால், 7இல் வலப் பின்கால், 10இல் வல முன்கால். ஒவ்வொரு காலும் 12 டிராயிங்கில் 8 தரையில் இருக்கும், 4 காற்றில். காற்றில் இருக்கும் நேரத்தை 6 ஆக்கிப் பார்த்தபோது கன்றின் எடை போய்விட்டது, ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளியது.

பின்கால் குளம்பு, முன்கால் எடுத்த தடத்துக்குப் பக்கத்திலேயே வந்து விழும். அதற்குள் முன்கால் கிளம்பியிருக்க வேண்டும். அரை டிராயிங் தாமதித்தாலும் வயிற்றுக்கடியில் கால்கள் முட்டிக்கொள்கின்றன. தோள்பட்டை எலும்பு தோலுக்குள் ஏறி இறங்குவதை 2 மி.மீ. காட்டினால் போதும், தலை ஆட்டம் 3 மி.மீ. தலை உடம்போடு ஒரே நேரத்தில் இறங்கக் கூடாது, ஒரு டிராயிங் பிந்த வேண்டும்.

ஏரிக்கரைகளில் மேயும் எருமைகளைச் செல்போனில் எடுத்துப் பார்ப்பது மிகப் பெரிய உதவி. அதிலும் ஒரு பொறி உண்டு. போன் விநாடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும், எக்ஸ்போஷர் ஷீட் 24இல் ஓடும். போனில் எண்ணிய 5 ஃப்ரேம் ஷீட்டில் 4. இதை மறந்தால் எல்லா நடையும் கால் பங்கு மந்தமாகிவிடும்.

கால் தரையில் வழுக்குவது இரண்டாவது தொல்லை. தரையில் ஊன்றிய குளம்பு டிராயிங்குக்கு 8 மி.மீ. பின்னால் போகிறது, அதாவது ஃப்ரேமுக்கு 4 மி.மீ. பின்னணியும் அதே வேகத்தில் நகர வேண்டும். ஆனால் கன்று இரண்டு ஃப்ரேமுக்கு ஒருமுறை மாறும்போது பின்னணியை ஒவ்வொரு ஃப்ரேமும் நகர்த்தினால் கால் முன்னும் பின்னும் துடிக்கும். பின்னணியையும் இரண்டு ஃப்ரேமுக்கு ஒருமுறை 8 மி.மீ. நகர்த்தியதும் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. ஷாட் முதலில் 6 விநாடி. 144 ஃப்ரேம், 576 மி.மீ. நகர்வு, 270 மி.மீ. சட்டம் (திரையில் தெரியும் அகலம்), ஆக 846 மி.மீ. ஓவியம் வேண்டும். அவென்யூ ரோடு கடைகளில் கிடைத்த முழு அளவு வாட்டர்கலர் தாள் 760 மி.மீ.தான். ஷாட்டை 5 விநாடியாக்கினோம்: 480 கூட்டல் 270, 750 மி.மீ. ஓரத்தில் டேப் ஒட்ட இருபுறமும் 5 மி.மீ. மிஞ்சியது. சுருக்கியதால் ஷாட்டும் மேம்பட்டது.

கன்றின் வயிறு ஒரு டிராயிங்கில் பெருத்தும் அடுத்ததில் ஒட்டியும் போகாமலிருக்க, உடலின் வெளிக்கோட்டை ஒளி ஊடுருவும் ஓ.எச்.பி. ஷீட்டில் ஒருமுறை வரைந்துகொண்டு நான்காவது டிராயிங்குக்கு ஒருமுறை மேலே வைத்துப் பார்ப்போம்.

அணிலுக்கு நேர்மாறான கணக்கு. அது தொடர்ந்து ஓடுவதே இல்லை. பாய்ச்சல், உறைதல், மறுபடி பாய்ச்சல். பாய்ச்சலை இரண்டு ஃப்ரேமுக்கு ஒன்றாக வரைந்தால் வெட்டி வெட்டித் தெரிகிறது, அதனால் அங்கே மட்டும் ஃப்ரேமுக்கு ஒரு டிராயிங், ஒரு பாய்ச்சலுக்கு 6. பிறகு 12 முதல் 16 ஃப்ரேம் அசைவற்ற நிலை. வால் மட்டும் உடம்பு நின்ற பின்னும் 5 ஃப்ரேம் கழித்து அடங்கும். ராமர் தடவிய மூன்று கோட்டில் நடுக்கோடு தலையிலிருந்து வால்வரை ஓடும். ஓரக்கோடு இரண்டும் முன்கால் அருகே தொடங்கிப் பின்காலருகே முடிந்துவிடும். மூன்றையும் ஒரே நீளத்தில் வரைந்தால் உடம்பு திரும்பும்போது கோடுகள் தோல்மேல் ஊர்வது போலாகும்.

கொக்கு பறக்கும்போது கழுத்தை மடித்து உள்ளிழுத்துக்கொள்ளும், கால் பின்னால் நீளும். நாரை மாதிரி கழுத்தை நீட்டி வரைந்த இரண்டு ஷாட்டை மறுபடி வரைய வேண்டியதாயிற்று.

செப்டம்பர்: வாயும் மாத்திரையும்

ஒலிப்பதிவு ஜூனிலேயே முடிந்திருந்தது. குரல் முதலில், டிராயிங் பிறகு. விடியுமுன் நான்கு மணிக்கு, மின்விசிறியை நிறுத்தி, மைக்கைச் சுற்றிப் போர்வை தொங்கவிட்டு எடுத்தால் அல்சூரிலும் வண்டிச் சத்தம் இல்லாத குரல் கிடைக்கும்.

வாயசைவுக்கு ஆங்கில வாய்ப்பட அட்டவணைகளைப் பார்த்து வரைந்தால் தமிழ் ஒட்டாது. நம் இலக்கணத்திலேயே கணக்கு இருக்கிறது: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. இந்தக் குரல்களில் ஒரு மாத்திரை சுமார் 3 ஃப்ரேம். அணில் சொல்லும் வரி, “கொக்கண்ணா, மழை வருது.” கொக்கண்ணா 5 மாத்திரை. மழை 2, இறுதி ஐ குறுகி ஒன்றாகிவிடுகிறது. வருது இரண்டரை, கடைசி உகரம் அரை மாத்திரைதான். மொத்தம் ஒன்பதரை, 28 அல்லது 29 ஃப்ரேம். அண்ணாவுக்குப் பின் 6 ஃப்ரேம் இடைவெளி. 35 வர வேண்டும், பதிவில் 38 வந்தது. காரணம் அழைப்பு: கூப்பிடும்போது ‘ணா’ அளபெடை போல நீண்டு 9 ஃப்ரேமுக்குப் போய்விடுகிறது. அந்த மூன்று ஃப்ரேமில்தான் அணிலின் அன்பு இருக்கிறது. அதை வெட்டி ‘சரி’ செய்யக் கூடாது.

குற்றியலுகரத்துக்கு உதட்டைக் குவித்து வரைந்தால் பொம்மை பாடம் ஒப்பிப்பது போலிருக்கும். ‘து’வுக்கு வாயைப் பாதி மூடினால் போதும். ப, ம வரும் இடத்தில் உதடு குறைந்தது 2 ஃப்ரேம் மூடியிருக்க வேண்டும், இல்லையேல் கண்ணுக்கு எட்டாது. ழ, ள, ண எல்லாம் நாக்கு உள்ளே செய்கிற வேலை, வெளியே எதுவும் வரைய வேண்டாம். கொக்குக்கு உதடே இல்லாததால் உயிரெழுத்தின் அளவுக்கு அலகைத் திறந்து, ப, ம-வுக்கு மூடினால் முடிந்தது.

அக்டோபர்: கறுப்பும் வெள்ளையும்

எருமை கறுப்பு, கொக்கு வெள்ளை. ஒரே சட்டத்தில் இரண்டும். வெளிர் வானத்தில் கொக்கு காணாமல் போகும், அடர்ந்த மரநிழலில் கன்று காணாமல் போகும். பின்னணி முழுவதையும் நடுத்தர அடர்த்தியில், மங்கிய பச்சையில் பூசினோம். ஒவ்வொரு ஓவியத்தையும் போனில் எடுத்துக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் தவறு உடனே தெரியும். கன்றுக்குச் சுத்தக் கறுப்பு கூடாது. இண்டிகோவும் பர்ன்ட் அம்பரும் கலந்த நிறம், அதற்குள் ஓடும் கண், காது, மடிப்புக் கோடுகள் அதைவிட வெளிர். கறுப்புப் பென்சில் கோடு கறுப்பு உடம்பில் மறைந்துவிடும்.

பின்னணிக்கு 300 ஜி.எஸ்.எம். கோல்டு பிரஸ் தாள். நனைத்துப் பலகையில் கம் டேப்பால் ஒட்டி, முழுக்கக் காய்ந்தபின் பூச வேண்டும். அவசரப்பட்டால் நடுவில் குழி விழுந்து வண்ணம் அங்கே தேங்கும். ஸ்கேனர் ஏ4 என்பதால் நீள ஓவியத்தைத் துண்டு துண்டாக எடுத்துக் க்ரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் இணைக்கிறோம். கண்ணாடி ஓரத்தில் நிழல் விழும், ஆகவே துண்டுகள் 30 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும்.

டிராயிங்குகளை ஸ்கேன் செய்வது 200 டி.பி.ஐ.-யில் (அங்குலத்துக்கு 200 புள்ளி). 1080 பிக்சல் உயரப் படத்துக்கு அது தாராளம். ஸ்கேனர் கண்ணாடியின் ஓரத்திலும் ஒரு பெக் பார், ஆனால் முளை ஒன்றரை மி.மீ. உயரமே. அதற்கு மேல் போனால் மூடி சரியாக மூடாது. தானாகத் தாள் இழுக்கும் ஸ்கேனர் வேகமானது, ஆனால் ஒவ்வொரு தாளையும் ஒவ்வொரு கோணத்தில் இழுக்கும். வண்ணம் நிரப்புவது ஓப்பன்டூன்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில், 2016 முதல் அது இலவசம். வண்ணத்தின் மேல் வாட்டர்கலர் இழையைப் படரவிடும்போது அந்த இழை பிராணியோடு சேர்ந்து நகர வேண்டும். இல்லையென்றால் கன்று ஒரு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நடப்பது போலிருக்கும்.

இப்போதைய நிலை

கடைசி ஷாட்: மழை, கன்றின் முதுகில் கொக்கு, கன்றின் காதுக்கடியில் அணில். யாரும் பேசுவதில்லை. முதலில் 48 ஃப்ரேம் வைத்தோம், லைன் டெஸ்டில் யாரோ அவசரமாகக் கதவைச் சாத்தியது போல முடிந்தது. 72 ஆக்கியதும் மூன்றும் அங்கே இருக்க விரும்புகின்றன என்பது தெரிந்தது. அசையாத டிராயிங் 72 ஃப்ரேம் செத்துப்போய்த் தெரியும் என்பதால் அதையே மூன்று முறை டிரேஸ் செய்து, தலா 4 ஃப்ரேம், 1-2-3-1-3-2 என்ற வரிசையில் ஓடவிடுகிறோம். கோடுகளுக்கிடையே வேறுபாடு பென்சில் கோட்டின் பாதி அகலத்தைத் தாண்டினால் மூன்றும் குளிரில் வெடவெடப்பது போலாகிவிடும். முதல் முயற்சி அப்படித்தான் ஆயிற்று, அந்த மூன்று தாளும் மறுபடி வரையப்பட்டன.

கன்று 20ஆம் ஃப்ரேமில் இமைக்கிறது: மூட 2, மூடியபடி 2, திறக்க 2. கொக்கு 41இல். இரண்டும் ஒன்றாக இமைத்தால் பொம்மைகள். 58இல் காதிலிருந்து ஒரு துளி அணிலின் மூக்கில் விழுகிறது, கன்று காதை 4 மி.மீ. தாழ்த்துகிறது. மழைக்கு 6 டிராயிங் சுழற்சி, தனி அடுக்கு, முகங்களின் குறுக்கே ஒரு கோடும் போகாதபடி.

மொத்தம் 19 ஷாட்டில் 15க்கு வண்ணம் முடிந்தது. மீதி நான்கும் மழைக் காட்சிகள்.