நூற்றெட்டாம் எண்ணில் இரண்டு பேர்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடி இடித்தால், எங்கள் கோயில் அலுவலகத்தில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். முதலில் மின்சாரம் போய்த் திரும்பும். அது திரும்பிய கையோடு பிரிண்டர் காணாமல் போகும். ஆள் மேசைமேல்தான் உட்கார்ந்திருப்பார், பச்சை விளக்கும் எரியும், ஆனால் கணினியைக் கேட்டால் 'ஆஃப்லைன்' என்று ஒரே வார்த்தையில் கைவிரித்துவிடும். நிர்வாகத்தில் கணினி தெரிந்தவன் என்ற பெயர் எனக்கு உண்டு. தலைவரின் கைத்தொலைபேசியில் ஒருமுறை எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்ததைத் தவிர, அந்தப் பெயருக்கு வேறு ஆதாரம் இல்லை. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில், கணக்கறிக்கையை எண்பது பிரதி எடுக்கும் பொறுப்பும் அந்தப் பெயரோடு சேர்ந்து என் தலையில் விழுந்தது.

நோய் என்னவென்று கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. இணைய இணைப்பைப் பங்கிடும் ரூட்டர், தன்னிடம் வரும் ஒவ்வொரு கருவிக்கும் வீட்டு எண் போல ஓர் ஐபி முகவரியைத் தற்காலிகமாக வழங்குகிறது. எங்கள் ரூட்டர் மலிவு ரகமாகையால், மின்சாரம் போனதும் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதையே மறந்துவிட்டு, எழுந்தவுடன் முதலில் கைநீட்டுபவருக்கு முதலில் இருக்கும் எண்ணை எடுத்துக் கொடுத்துவிடும். நேற்று 192.168.1.15 என்ற முகவரியில் இருந்த பிரிண்டர் இன்று 22க்குக் குடிபெயர்ந்திருக்கும். கணினியோ பழைய 15ஆம் எண் வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும்.

இதை நான் விளக்கியபோது எங்கள் செயலாளர்தான் முதலில் புரிந்துகொண்டார். முப்பது ஆண்டுகள் ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர் அவர். விடிகாலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் பார்க்கும் பெரட்டும், பால் வெட்டப் பிரித்துக் கொடுக்கும் நெர என்ற மரவரிசையும், ஆள் பெயர் எழுதும் செக்ரோல் புத்தகமும்தான் அவர் உலகம். "பெரட்டுல நெர பிரிச்சுக் குடுக்கிற மாதிரின்னு சொல்லு தம்பி. யாரு முதல்ல வந்து நிக்கிறானோ அவனுக்கு முதல் நெர. ஆனா உங்க ரூட்டரு செக்ரோல் புத்தகத்தைத் தினம் தொலைச்சுட்டு வர்ற கிராணி. எங்க தொர காலத்துல இவனுக்கு வேல போயிருக்கும்" என்றார். பல நூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வகுப்பில் சேர்ந்து நான் கற்றதை அவர் ஒரு வாய்த் தேநீருக்குள் சொல்லி முடித்தார்.

ஆகவே பிரிண்டருக்கு நிரந்தர முகவரி ஒன்றைக் கொடுப்பதென்று முடிவாயிற்று. முதல் மூன்று பகுதிகளில் கைவைக்கக் கூடாது என்றும், நான்காவது எண்ணை மட்டும் 2 முதல் 254 வரை நம் விருப்பப்படி வைக்கலாம் என்றும் நான் சொல்லி வாய் மூடுவதற்குள், தலைவர் "நூத்தியெட்டு" என்றார். கோயில் பிரிண்டருக்கு அதைவிடப் பொருத்தமான எண் எது? அந்த மங்களத்தில் மயங்கி, அந்த எண்ணில் ஏற்கெனவே யாராவது குடியிருக்கிறார்களா என்று பார்க்க மறந்தேன்.

இரண்டே வரி காட்டும் அந்தச் சின்னத் திரையில், அம்புக்குறிப் பொத்தானை அழுத்தி அழுத்தி எண்களை ஏற்றுவது ஊசியில் நூல் கோப்பதற்கு நிகரான வேலை. 0 வேண்டும் என்று ஒரு தடவை கூடுதலாக அழுத்தினால் 9க்குப் போய்விடும். திரும்ப ஒரு சுற்று வரவேண்டும். முகவரியின் முதல் மூன்று பகுதிகள் எல்லாருக்கும் பொது என்று சொல்லும் 255.255.255.0 என்ற மாஸ்க்கை முடிப்பதற்குள் அர்ச்சகர் ஒரு கால பூஜையை முடித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். பிறகு கணினியிலிருந்து 108ஐ 'பிங்' செய்தேன், அதாவது இருக்கிறாயா என்று குரல் கொடுத்தேன். நான்கு முறையும் பதில் வந்தது. பதில் வந்தது என்று மகிழ்ந்தேனே தவிர, பதில் சொன்னது யார் என்று கேட்கவில்லை. சோதனைப் பக்கமும் வழவழவென்று வெளிவந்தது. வடையும் தே தாரிக் தேநீரும் வாங்கி வரச் சொல்லித் தலைவர் பத்து வெள்ளி எடுத்தார். இது ஆண்டறிக்கையில் இடம்பெறத் தக்க நிகழ்ச்சி.

மறுநாள் பொருளாளர் என்னைத் தனியாக அழைத்தார். அவர் தம் கைத்தொலைபேசியில் உண்டியல் கேமராவைப் பார்த்துக்கொண்டே இருப்பவர். "தம்பி, தப்பா நினைக்காதீங்க. நீங்க கணக்கு அச்சடிக்க உட்கார்ந்தா உண்டியல் படம் இருண்டு போகுது. நீங்க எழுந்து போனா வந்துடுது. நேத்து மூணு தடவ" என்றார். 'தப்பா நினைக்காதீங்க' என்று தொடங்கும் வாக்கியம் எதுவும் நல்லபடியாக முடிந்ததாக எனக்கு நினைவில்லை. போதாக்குறைக்கு, படம் தெளிவாக இருக்கும் நேரங்களில் என் பிரிண்டர் மறுபடியும் 'ஆஃப்லைன்' ஆகிக் கிடந்தது. நிர்வாகத்தில் ஒருவர் அம்மனுக்கு எலுமிச்சை மாலை சாத்தலாம் என்றார், நானும் மறுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, பிரிண்டரின் பக்கத்தைப் பார்க்கலாம் என்று உலாவியில் 192.168.1.108 என்று தட்டியபோது, மை அளவு காட்டும் பக்கத்துக்குப் பதிலாக, உண்டியல் படத்தைப் பதிவு செய்யும் கேமராப் பெட்டி கடவுச்சொல் கேட்டது. அந்த ரகப் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 108 என்ற எண்ணைத் தன் மேல் எழுதிக்கொண்டு வருகிறது; மாட்டியவர் அதை மாற்றவில்லை. அம்மன் சந்நிதிக்கு அந்த மங்கள எண் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. 108 யார் என்று கேட்டால் இப்போது இருவர் கைதூக்குவார்கள். யாருடைய கை கடைசியாகக் கண்ணில் படுகிறதோ அவரிடமே எல்லாம் போகும். என் கணக்கறிக்கை உண்டியல் கேமராவுக்கும், பொருளாளரின் கேள்வி பிரிண்டருக்கும் போய்க்கொண்டிருந்தன.

செயலாளர் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "ரெண்டு பேருக்கு ஒரே நம்பரா? செக்ரோல்ல இது பெரிய குத்தம்" என்று சொல்லி, நீளமான கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கோடு போட்டார். "எல்லாத்தையும் பெரட்டுக்கு வரச் சொல்லு" என்றார். அலுவலகக் கணினி, கேமராப் பெட்டி, மண்டபத்துத் தொலைக்காட்சி என அத்தனையையும் மின்விசையில் போட்டு, ஒவ்வொன்றின் முகவரியையும் நான் வாசிக்க அவர் எழுதினார். அணைந்து கிடக்கும் கருவி பிங்குக்குப் பதில் சொல்லாது என்பதால், அவருடைய முறைதான் சரியான முறை. ரூட்டர் தன் விருப்பப்படி பிரித்துக் கொடுக்கும் எண்களை 120 முதல் 200 வரை என்று குறுக்கினேன். அதற்கு வெளியே பிரிண்டருக்கு ஓர் எண் வேண்டும் என்றதும் தலைவர் சற்றே கூச்சத்துடன் "இருபத்தேழு நட்சத்திரம்" என்றார். இந்தத் தடவை முதலில் 27ஐப் பிங் செய்தேன். நான்கு முறையும் மௌனம். அதன் பிறகே அம்புக்குறிப் பொத்தானில் கைவைத்தேன்.

அன்று மாலையே இடி இடித்தது, மின்சாரம் போய்த் திரும்பியது, எண்பது பிரதிகளும் வந்து விழுந்தன. பொருளாளர் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே பக்கங்களை எண்ணினார். செயலாளரின் புத்தகம் இப்போது ரூட்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. கேமராப் பெட்டி, 108, நிரந்தரம். பிரிண்டர், 27, நிரந்தரம். அதற்குக் கீழே என் மடிக்கணினியின் வரிக்கு நேராக, அழகிய கிராணிக் கையெழுத்தில், தற்காலிகம் என்று எழுதியிருக்கிறது.