வெட்டிய கிறிஸ்துமஸ் மரமும் என் தண்ணீர்க் கணக்கும்

இந்தத் தடவை பிளாஸ்டிக் மரம் இல்லை, வெட்டிய மரம்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அலங்காரமெல்லாம் மற்றவர்கள் பாடு. மரம் காயாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன், அளந்து குறித்துவைக்க ஏதாவது கிடைத்தால் எனக்கு அது போதும்.

மரம் எடுக்கும்போதே பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது. கிறிஸ்துமஸ் மர வகைகளில் ஃப்ரேசர் ஃபிர், நார்ட்மன் ஃபிர் இரண்டும் ஊசி இலைகளை நீண்ட நாள் விடாமல் வைத்திருக்கும். நார்வே ஸ்ப்ரூஸ் பார்க்க அழகுதான், ஆனால் சூடான அறைக்குள் சீக்கிரம் உதிர்க்க ஆரம்பித்துவிடும். நான் எடுத்தது ஃப்ரேசர். ஒரு கிளையை லேசாகப் பிடித்து நுனி வரை உருவிப் பார்த்தேன், கையோடு பச்சை இலை எதுவும் வரவில்லை. ஓர் இலையை மடித்ததும் டக்கென்று ஒடிந்தது. ஃபிர் மரத்தில் அது நல்ல அறிகுறி, பைன் என்றால் நேர்மாறு, புதிதாக இருக்கும்போது வளையுமே தவிர ஒடியாது. மரத்தைத் தூக்கித் தரையில் தட்டியபோது உள்ளேயிருந்து பழுப்பு இலைகள் கொட்டின. அவை பழைய இலைகள், எந்த மரத்திலும் கொட்டும். வெளிப்பக்கத்துப் பச்சை இலை கொட்டினால்தான் அந்த மரத்தை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை ரம்பம். அடியில் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு வட்டு அறுத்து எடுத்தேன். மரத்தை வெட்டிக் கொஞ்ச நேரம் ஆனாலே பிசின் வழிந்து வெட்டுமுகத்தை மூடிக்கொள்கிறது, தண்ணீர் ஏறும் நுண்குழாய்களுக்குள் காற்றும் புகுந்துவிடுகிறது, அதனால் பழைய வெட்டோடு அப்படியே தண்ணீரில் வைத்தால் மரம் அதிகம் குடிக்காது. புதிதாக அறுத்த பிறகு ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் தண்ணீரில் இறக்கிவிட வேண்டும் என்பார்கள், நான் அறுத்த கையோடு இறக்கினேன். நேராக அறுத்தால் போதும். சாய்வாக அறுத்தால் மரம் ஸ்டாண்டில், அதாவது மரத்தை நிறுத்தும் தண்ணீர்த் தொட்டியில், ஒழுங்காக நிற்காது, அதனால் ஒரு லாபமும் கிடையாது. நடுவில் துளை போடுவதும் அப்படித்தான். அதைவிட மோசம், ஸ்டாண்டுக்குள் நுழையவில்லை என்று அடிமரத்தைச் சுற்றிச் செதுக்குவது, ஏனென்றால் தண்ணீரை நன்றாக ஏற்றுவதே பட்டையை ஒட்டிய வெளிப்பக்க மரம்தான், அதைச் சீவி எறிந்துவிட்டு மரம் குடிக்கவில்லையே என்று கவலைப்பட்டு என்ன பயன்?

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. ஸ்டாண்டின் பெட்டியில் ஐந்து லிட்டர் என்று போட்டிருக்கிறது. அடிமரத்தின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. என் மரம் 12 சென்டிமீட்டர், அதாவது ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, ஆக இந்த ஸ்டாண்ட் சரியாகத்தானே இருக்க வேண்டும்? ஸ்கேலை எடுத்து உள்ளே அளந்தேன். உள்விட்டம் 20 சென்டிமீட்டர், ஆழம் 16, பெருக்கிப் பார்த்தால் ஐந்து லிட்டர்தான், பெட்டி பொய் சொல்லவில்லை. ஆனால் மரம் தொட்டியின் அடியைத் தொடுவதில்லை, நடுவில் இருக்கிற முள் அதை 3 சென்டிமீட்டர் தூக்கி நிறுத்துகிறது. அந்த 3 சென்டிமீட்டரில் கிடக்கும் ஏறக்குறைய 900 மில்லி தண்ணீர் மரத்துக்கு எட்டாது. அதற்கு மேலே அடிமரமே ஒன்றரை லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்கிறது. கழித்துவிட்டுப் பார்த்தால் மரம் குடிக்கக் கிடைப்பது சுமார் 2.6 லிட்டர். குனிந்து பார்ப்பவருக்குத் தொட்டியில் தண்ணீர் பளபளவென்று தெரியும், மரமோ வறண்டு நிற்கும்.

அதனால் ஒரு மரக்குச்சியை எடுத்து, வெட்டுமுகம் நிற்கும் உயரத்தில் சிவப்புக் கோடு ஒன்று போட்டேன். தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே போகவே கூடாது, ஒரு ராத்திரி போனாலும் புதுப் பிசின் மூடிக்கொள்ளும், அப்புறம் அலங்காரத்தையெல்லாம் கழற்றி மறுபடி அறுக்க வேண்டியதுதான். கீழ்க்கிளைகளுக்குள் தலையை நுழைத்து ஊற்ற முடியாமல், ஒரு நீளக் குழாயின் வாயில் புனலைச் செருகி அதைக் கிளையோடு கட்டிவிட்டேன். நின்றபடியே ஊற்றலாம்.

முதல் இரவிலேயே அந்த 2.6 லிட்டரும் தீர்ந்துவிட்டது. படுக்கப் போகும் முன் நிரப்பியதைக் காலையில் பார்த்தால் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. முதல் 24 மணி நேரத்தில் ஒரு பெரிய மரம் நாலு லிட்டர்கூட இழுக்கும் என்று தெரியும், இருந்தாலும் கண்ணால் பார்க்கும்போது ஆச்சரியமாகத்தான் இருந்தது. பிறகு வேகம் குறைந்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் அளவில் நின்றது. ஹீட்டரைக் கூட்டி வைத்த நாட்களில் மட்டும் எகிறியது. அறைக் காற்று வறண்டால் இலைகள் வேகமாக ஈரத்தை விடுகின்றன, குச்சியில் அது அப்படியே தெரிந்தது. ஹீட்டரின் வெப்பக் காற்று வரும் துவாரத்துக்கு எதிர் மூலைக்கு மரத்தை நகர்த்தினேன், அறையின் சூட்டையும் கொஞ்சம் குறைத்தேன், குடிப்பதும் குறைந்தது.

சர்க்கரை போடு, ஆஸ்பிரின் போடு என்று ஆளுக்கொரு யோசனை வந்தது. வெறும் குழாய்த் தண்ணீர் போதும் என்றுதான் படித்திருந்தேன், ஆனாலும் சும்மா இருக்க முடியுமா? அறுத்தெடுத்த கீழ்க்கிளைகளில் ஒன்றை வெறும் தண்ணீரிலும் இன்னொன்றைச் சர்க்கரைத் தண்ணீரிலும் வைத்தேன். முதலில் வித்தியாசமே இல்லை. சில நாளில் சர்க்கரை ஜாடி கலங்கி, வெட்டின இடத்தில் வழுவழுவென்று ஏதோ படர்ந்து, நாற்றமும் வந்துவிட்டது. ஒரே ஒரு கிளையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான், ஆனால் அந்த நாற்றத்தை ஸ்டாண்டுக்குள் கொண்டுவர நான் தயாராக இல்லை.

விளக்குகள் எல்.இ.டி., பழைய பல்புகள் போலச் சூடாவதில்லை. தூங்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறோம். இதில் நான் கொஞ்சம் கறார், காய்ந்த மரம் தீப்பிடித்தால் ஓர் அறை முழுவதும் எரிய நிமிடக்கணக்குக்கூட ஆகாது, தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் மரத்தில் தீ அவ்வளவு சுலபமாகப் பிடிக்காது.

பண்டிகை முடிந்து கொஞ்ச நாளில் குடிப்பது நாளுக்கு ஒரு டம்ளராகச் சுருங்கியது. பச்சை நிறம் மாறவேயில்லை, அதை நம்பி இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார்கள் வீட்டில். நான் கிளையை உருவிக் காட்டினேன், உள்ளங்கை நிறைய இலை. சரி, கழற்றிவிடலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். மிச்சத் தண்ணீரைப் பழைய துணியால் ஒற்றி எடுத்தோம், போர்வையில் சுற்றி அடிமரம் முன்னால் போகும்படி வாசலைத் தாண்டினோம், அப்படிக் கொண்டுபோனால் கிளைகள் மேல்நோக்கி மடிந்துகொள்ளும். கிளைகளை நறுக்கிச் செடிகளுக்கு மூடாக்காகப் போட்டாயிற்று. அடுப்பில் எரிக்கவில்லை, பிசின் குப்பென்று பற்றும். அடுத்த முறைக்கு எட்டு லிட்டர் ஸ்டாண்ட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், முள் எவ்வளவு உயரம் என்று அளந்துவிட்டுத்தான் வாங்குவேன்.