லைன் ஃபாலோவர் செய்யப் போகிறீர்களா? முதலில் வெயிலைப் பாருங்கள்

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது தஞ்சாவூரில் ஒரு கல்லூரிப் போட்டிக்கு லைன் ஃபாலோவர், அதாவது தரையில் உள்ள கறுப்புக் கோட்டைப் பார்த்து அதன் வழியே தானாக ஓடும் ரோபோ வண்டி, கொண்டு போனேன். மன்னார்குடி பக்கம் எங்கள் வீட்டுக் கூடத்தில், ராத்திரி டியூப் லைட் வெளிச்சத்தில், சார்ட் பேப்பரில் ஒட்டிய கறுப்பு இன்சுலேஷன் டேப் மேல் ஒரு வாரம் பிசகாமல் ஓடிய வண்டி, அங்கே ஜன்னலோரத்து முதல் வளைவிலேயே திரும்பாமல் நேரே போய் மேசைக் காலில் முட்டியது. புரோகிராமில்தான் தப்பு என்று அங்கேயே உட்கார்ந்து மாற்றி மாற்றி எழுதி, ஓடிக்கொண்டிருந்ததையும் கெடுத்தேன்.

மறுநாள் காலை வீட்டில் ஓட்டினேன். கூடத்து நிழலில் ஒழுங்காக வந்த வண்டி, முற்றத்து வெயில் விழுந்த இடத்தில் கோட்டை விட்டுவிட்டது. நெல் காயவைத்துக்கொண்டிருந்த அப்பாயி, "வெயில்ல அதுக்குக் கண்ணு கூசுதுடா" என்றார். கிட்டத்தட்ட அதுதான்! வண்டிக்கு அடியில் கோட்டின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக இருக்கும் டிசிஆர்டி 5000 சென்சார் தரையில் அகச்சிவப்பு ஒளியை அடித்து, திரும்பி வருவதை அளக்கிறது; வெயிலிலும் அதே ஒளி ஏராளம். வண்டியின் மூளையான ஆர்டுயினோ ஊனோ போர்டில், சென்சாரை இணைக்கும் அனலாக் பின் அந்த அளவை 0 முதல் 1023 வரை எண்ணாகக் காட்டும்; என் இணைப்பில் ஒளி கூடினால் எண் குறையும். எனக்கு வெள்ளைக்கு 80, கறுப்புக்கு 800 வந்ததால் 500ஐ எல்லையாக வைத்திருந்தேன். வெயிலில் கறுப்பே 300க்கு இறங்கிவிட்டது, அப்புறம் அதற்கு எல்லாமே வெள்ளைதான். இரண்டு சென்சாரும் வெள்ளை என்றால் நேரே போ என்று எழுதி வைத்தவனும் நான்தானே.

அதனால் எல்லையை எண்ணாக எழுதி வைக்காதீர்கள். ஓடப்போகும் தரையிலேயே, ஆன் செய்ததும் வண்டியைக் கோட்டின் மேல் இரண்டு மூன்று விநாடி இடவலமாக அசையவிட்டு, வந்த பெரிய எண்ணுக்கும் சின்ன எண்ணுக்கும் நடுவை அதுவே எடுத்துக்கொள்ளட்டும். சென்சாரைச் சுற்றிக் கறுப்பு அட்டையைப் பாவாடை மாதிரி ஒட்டிவிட்டால் பாதி வெயில் அடங்கிவிடும்.

பேட்டரி விஷயத்திலும் ஏமாந்தேன். சதுரமான 9 வோல்ட் பேட்டரி வேண்டவே வேண்டாம். இரண்டு மோட்டாரும் கிளம்பும்போது இழுக்கும் கரண்டுக்கு அது தாங்காமல் வோல்ட் சரிந்து, போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். 18650 என்ற ரீசார்ஜ் லித்தியம் செல் இரண்டை வரிசையாகப் போட்டால் 7.4 வோல்ட், மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் எல்298என் டிரைவர் போர்டு அதில் சுமார் 2 வோல்ட்டைத் தின்றாலும் சக்கரத்தைச் சுற்றும் மஞ்சள் பிஓ கியர் மோட்டாருக்கு மீதி போதும். டிரைவர் கிரவுண்டையும் (நெகட்டிவ் பக்கம்) ஆர்டுயினோ கிரவுண்டையும் ஒன்றாகச் சேர்க்க மறக்காதீர்கள், அந்த ஒரு ஒயருக்காக நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.